கண்ணில் பட்டதும் படாததும்

பொதுக்காலத்தின் ஆறாம் ஞாயிறு, தவக்காலம் முந்திக்கொள்ளாத இரண்டாம் ஆண்டுகளில், லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பகுதியை நமக்குத் தருகிறது. தொழுநோயாளர் கிழிந்த உடையோடு பாளையத்துக்கு வெளியே தனித்து வாழவேண்டும் என்ற பழைய சட்டம் அது. அதைத் தொடர்ந்து, இயேசு கை நீட்டித் தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கிய மாற்கு நற்செய்திப் பகுதி வரும். 2024ஆம் ஆண்டு அந்த ஞாயிறு பிப்ரவரி 11ஆம் நாளில் அமைந்தது. லூர்து அன்னையின் நினைவு நாளும், நோயுற்றோர் உலக நாளும் அதுவே. மறையுரை நன்றாகவே இருந்தது. ஆயினும் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், அப்போது ஒன்பது வயதாயிருந்த எங்கள் மகள் தன் முழங்கையைத் தடவிக்கொண்டே, “அப்பா, எனக்கு இருப்பது அதுதானா?” என்று கேட்டாள்.

அவளுக்கு ஏழு வயதில் வெண்புள்ளி தோன்றியது. முதலில் இரு முழங்கால்களிலும், பின்னர் முழங்கைகளிலும், அதன்பின் கண்ணிமை ஓரங்களிலும் பால்வெள்ளைத் திட்டுகளாய்ப் படர்ந்தது. “இல்லை, அது வேறு, இது வேறு” என்று வழியிலேயே சொல்லிவிட்டோம். எனினும் சொன்னதற்கு ஆதாரம் காட்டவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் திருவிவிலியத்தை எடுத்து, கணவனும் மனைவியுமாய் அந்த அதிகாரம் முழுவதையும் படித்தோம். அதில் 59 வசனங்கள் உள்ளன. ஆலயத்தில் வாசிக்கப்படுபவை முதல் இரண்டும், 44 முதல் 46 வரை உள்ள மூன்றும் மட்டுமே. இடையில் விடுபட்டவற்றுள் 38, 39ஆம் வசனங்களும் அடங்கும். ஆணோ பெண்ணோ உடலில் வெண்ணிறப் புள்ளிகள் தோன்றினால் குரு பார்க்கட்டும். அவை மங்கிய வெண்மையாயிருந்தால் அது தோலில் தோன்றிய தீங்கற்ற தேமலே, அவர் தூய்மையானவர் என்பது அவ்வசனங்களின் கருத்து. எபிரேய மூலத்தில் அதற்கெனத் தனிச் சொல்லே இருக்கிறது, ‘போஹக்’ என்பர். இன்று நாம் வெண்புள்ளி என்று அழைப்பதைத்தான் அச்சொல் குறிக்கிறது என்று கருதும் அறிஞர் உளர். பாலைநிலத்தில் கூடாரத்தில் வாழ்ந்த மக்களின் குருக்களுக்கே இவ்விரண்டையும் பிரித்தறியும் கண் இருந்தது என்பது எங்களுக்கு வியப்பாயிருந்தது. மகளை அழைத்து அவ்விரு வசனங்களையும் அவளையே வாசிக்கச் செய்தோம்.

பிரித்தறியும் அந்தக் கண் பின்னால் எங்கே போயிற்று? சொற்களின் பயணத்தில் போயிற்று எனலாம். லேவியர் நூலில் வரும் ‘சாராஅத்’ என்ற சொல் பலவகைத் தோல் குறைகளுக்கும், துணியிலும் சுவரிலும் படரும் பூசணத்துக்கும்கூடப் பொதுவானது. கிரேக்கத்தில் அது ‘லெப்ரா’ ஆயிற்று. பிற்காலத்தார் அதைத் தொழுநோயாகவே பொருள்கொண்டனர். நம் நாட்டிலும் ‘குஷ்டம்’ என்ற வடசொல் தோல் நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயராய் இருந்து, பின்னர் தொழுநோய்க்கே உரியதாயிற்று. இடையில் அகப்பட்டுக்கொண்டது, ஒரு பாவமும் அறியாத வெண்புள்ளி. ‘வெண்குஷ்டம்’ என்ற பெயரை அதன் தலையில் கட்டிவிட்டார்கள். தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். வெண்புள்ளிக்கோ கிருமியே கிடையாது. அது தொற்றுவதில்லை, தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே பாயில் உறங்கினாலும் பரவுவதில்லை.

அப்படியாயின் அது என்ன? நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்களை, நம்மைக் காப்பதற்கென்றே இறைவன் வைத்த நோயெதிர்ப்புப் படை பகையென்று தவறாகக் கருதி அழித்துவிடுகிறது. காவல்காரன் வீட்டுக்காரனையே அடித்த கதைதான். மருத்துவர்கள் இவ்வகை நோய்களைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்கின்றனர். உலக மக்களுள் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவர் முதல் 50 பேருக்கு ஒருவர் வரை வெண்புள்ளி உள்ளவர்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அவர்களுள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு 20 வயதுக்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. ஆகவே இது பெரியவர்களின் நோயன்று. பள்ளிப் பிள்ளைகளின் நோயும்தான்.

இந்த இரண்டாண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூலாகும். நாங்கள் கடற்கரையை ஒட்டிய ஊரினர். மீனின்றி எங்களுக்குச் சோறு இறங்காது. மீன் குழம்பு உண்ட வயிற்றில் பால் ஊற்றியதால்தான் இது வந்தது என்றார் ஒருவர். கருவாடும் தயிரும் என்றார் மற்றொருவர். இதற்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை. உண்மையாயிருந்தால் எங்கள் கடற்கரை முழுவதும் வெளுத்திருக்க வேண்டும்! இன்னொருவர் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிறுத்தச் சொன்னார். இதை மட்டும் வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. அந்த விதையில் உள்ள சோராலன் என்ற பொருள் தோலை ஒளிக்குக் கூருணர்வு உடையதாக்குவது. மேனாட்டு மருத்துவமும் அதைப் புற ஊதாக் கதிரோடு சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் அளவறியாது பூசி வெயிலில் நின்றால் தோல் வெந்து கொப்புளித்துவிடும். பிள்ளையின் மென்தோலில் அந்தச் சோதனைக்கு நாங்கள் உடன்படவில்லை.

அறிவுரைகளை விடப் பார்வைகளே அவளை வருத்தின. ஆலயத்தில், அன்பியக் கூட்டத்தில், பேருந்தில், கடையில் என எங்கு சென்றாலும் கண்கள் முதலில் அவள் முழங்கைக்குப் போய், பிறகுதான் முகத்துக்கு வந்தன. வகுப்பில் அவளருகே அமர்ந்திருந்த பிள்ளையை இடம் மாற்றும்படி அதன் தாயார் கேட்டுக்கொண்டதாய் அறிந்தோம். புதுநன்மைக்குத் துணி எடுத்தபோது, “கை முழுவதும் மூடுகிற மாதிரி தைத்துவிடுங்கள், புகைப்படத்தில் நன்றாயிருக்கும்” என்று உறவினர் ஒருவர் அன்போடுதான் சொன்னார். அவள் அரைக்கைச் சட்டையே வேண்டுமென்றாள், அப்படியே தைத்தோம். ஊரெல்லாம் இவ்வாறு அவள் தோலைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அவள் உடலுக்குள் வேறொன்று ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே.

2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தோல்நோய் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். நடுவயது அம்மையார், அதிகம் பேசாதவர். அறையை இருட்டாக்கி, ஊதா ஒளி வீசும் வுட்ஸ் விளக்கை அவள் தோலருகே பிடித்துப் பார்த்தார். அவ்வொளியில் வெண்புள்ளி சுண்ணாம்பு பூசியது போல் பளிச்சிடும். பிள்ளைகளின் கன்னத்தில் தோன்றும் எல்லா வெளுப்பும் வெண்புள்ளியாகிவிடாது என்று அவர் விளக்கினார். வயிற்றுப்பூச்சி என்று பாட்டிமார் சொல்லும் மங்கலான திட்டு வேறு. பூஞ்சையால் வரும் தேமல் வேறு. இது வெண்புள்ளிதான் என்று உறுதி செய்தபின், இரு பக்கமும் சமமாய் வந்திருப்பதைக் குறித்துக்கொண்டார். உடலின் ஒரே பக்கத்தில், ஒரு பட்டை போல் வந்து நின்றுவிடும் வகையும் உண்டாம். அது பிள்ளைகளிடம் சற்று மிகுதியாய்க் காணப்படும் என்றும், மற்றத் தன்னுடல் தாக்குநோய்களோடு அதற்கு உறவு குறைவு என்றும் சொன்னார். எங்கள் மகளுக்கு வந்தது உறவு மிகுந்த வகை.

பிறகு நாங்கள் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார்: “பிள்ளையின் உயரத்தை எழுதி வைத்திருக்கிறீர்களா?”

எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொரு கிறிஸ்து பிறப்பு விழா அன்றும் பிள்ளைகளை நிலைக்கதவோடு நிறுத்திப் பென்சிலால் கோடிட்டு, ஆண்டைக் குறிப்பது எங்கள் வீட்டு வழக்கம். 2022க்கும் 2023க்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர்கூட முழுமையாய் இல்லை என்பதை முதலில் கவனித்தவர் ஆச்சிதான். “பிள்ளை குருத்து விடவில்லையே” என்றார். அந்த எண்களை மருத்துவரிடம் சொன்னோம். அந்த வயதில் ஒரு குழந்தை ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளரவேண்டும் என்று கூறி, அவர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொல்லி மீண்டும் பார்த்தார். மலச்சிக்கல் உண்டா, மின்விசிறி ஓடினால் குளிர்கிறது என்கிறாளா, மாலையில் விளையாடாமல் படுத்துவிடுகிறாளா, படிப்பில் மந்தம் தெரிகிறதா என்று வரிசையாய்க் கேட்டார். சிலவற்றுக்கு ஆம் என்றோம். தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். இரண்டு நாளில் முடிவு வந்தது. டி.எஸ்.எச். அளவு இயல்பைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது, தைராக்சின் குறைந்திருந்தது, தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கிக்கொண்ட எதிர்ப்பொருள்களும் மிகுதியாய் இருந்தன.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி. பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சி, உடற்சூடு, இதயத் துடிப்பு, குடலின் இயக்கம், மூளையின் சுறுசுறுப்பு யாவும் அது சுரக்கும் நீரைச் சார்ந்தவை. சுரப்பு குறைந்தால், மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி “வேலை செய், வேலை செய்” என்று மேலும் மேலும் தூது அனுப்புகிறது. அந்தத் தூதுதான் டி.எஸ்.எச். அதனாலேயே சுரப்பி சோம்பும்போது டி.எஸ்.எச். ஏறுகிறது. மேலோட்டமாய்ப் பார்ப்போர் எண் ஏறியதைக் கண்டு சுரப்பி கூடுதலாய் வேலை செய்கிறது என்று தவறாய் எண்ணிவிடுவதுண்டு.

தோலின் நிறத்துக்கும் கழுத்துச் சுரப்பிக்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் கேட்டோம். தாக்குபவன் ஒருவனே என்பதுதான் விடை. தன் உடலைப் பகையென எண்ணும் இயல்பு ஓரிடத்தில் தலைகாட்டினால் மற்றோரிடத்திலும் காட்டக்கூடும். இந்த நாட்டம் ஓரளவு மரபுவழியாய் வருவது. வெண்புள்ளியும் மற்றத் தன்னுடல் தாக்குநோய்களும் சேர்ந்து காணப்படும் குடும்பங்களை ஆராய்ந்து, அதற்குத் துணைபோகும் மரபணு ஒன்றை 2007இல் அறிவித்தனர். 2012இல் 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, வெண்புள்ளி உள்ளவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்குத் தைராய்டு நோய் இருப்பதாய்க் கண்டது. பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்வெண் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது. பெரும்பாலும் புள்ளி முன்னே வர, சுரப்பியின் குறை சில ஆண்டுகள் கழித்து, அறிகுறி ஏதும் காட்டாமலே தொடங்குகிறது. ஒரு வேடிக்கையான செய்தியும் உண்டு. தோலின் மெலனினும் தைராய்டின் தைராக்சினும் டைரோசின் என்ற ஒரே அமினோ அமிலத்திலிருந்து உருவாகின்றன. நோயின் காரணம் இதுவெனக் கொள்வதற்கில்லை. ஆயினும் ஒரே களிமண்ணிலிருந்து இரு பாண்டங்கள் என்று நினைக்க எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

தைராய்டைத் தன்னுடலே தாக்கும் இந்நோய்க்கு ஹஷிமோட்டோ என்ற பெயர் வழங்குகிறது. ஜப்பானிய இளம் அறுவை மருத்துவரான ஹக்காரு ஹஷிமோட்டோ, நான்கு பெண் நோயாளிகளின் சுரப்பிகளை ஆராய்ந்து 1912இல் அதை விவரித்தார். பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி, அங்கு மருத்துவம் பார்த்து, 1934இல் காலமானார். உடலே உடலைத் தாக்குவதால் வருவது என்பதை இலண்டனில் 1956இல்தான் நிறுவினர். தன் பெயர் உலகெங்கும் மருந்துச் சீட்டுகளில் எழுதப்படும் என்பதை அறியாமலே அந்த ஊர் மருத்துவர் உறங்கிவிட்டார்.

மருத்துவ அம்மையார் கேட்ட கேள்விகளுள் ஒன்று எங்களைச் சற்று நேரம் மௌனமாக்கியது. “குடும்பத்தில் வேறு யாருக்காவது வெண்புள்ளி, தைராய்டு, சிறு வயதிலேயே இன்சுலின் ஊசி போடும் நீரிழிவு உண்டா?” உண்டு. எங்கள் மூத்த அத்தைக்கு வெண்புள்ளி உண்டு. அவருக்குத் திருமணம் ஆகவில்லை. காரணம் கேட்டால், “அவருக்கு விருப்பமில்லை” என்பதே எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட விடை. திருமணப் படங்களில் அவர் எப்போதும் பின் வரிசையில், முழுக்கை ரவிக்கையோடு நிற்பார். இன்னொரு கிளையில் ஒரு சித்தி காலைதோறும் ஏதோ மாத்திரை உண்கிறார் என்பது மட்டும் தெரியும். அது தைராய்டு மாத்திரை என்பது இவ்விசாரணையின்போதுதான் வெளிவந்தது. பெண் பிள்ளைகளுக்கு வரன் கெட்டுவிடும் என்று மறைத்து வைத்தார்களாம். இதில் யாரையும் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு அச்சத்தைத் தந்தது நம் சமூகமே. ஆனால் அம்மறைவின் விலையைக் கொடுப்பது அடுத்த தலைமுறைப் பிள்ளை. குடும்பத்தின் நோய் வரலாறு ஒரு மருத்துவருக்குப் பாதி நோயறிதல். அதைப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால் அவர் இருட்டில் தேடவேண்டியிருக்கிறது. பெண் பார்க்கும்போது நகைக் கணக்கை இவ்வளவு விளக்கமாய்ப் பேசும் நாம், இரத்தக் கணக்கைப் பேசக் கூசுகிறோம்.

மருந்து எளியது. தைராக்சின் மாத்திரை ஒன்றை நாள்தோறும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கொள்ளவேண்டும். அதன்பின் அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் உண்ணலாகாது. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் உண்டெனில் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தொடக்கத்தில் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபரிசோதனை. பிள்ளை வளர வளர அளவும் மாறும். அயோடின் கலந்த உப்பை இன்னும் சற்றுக் கூட்டிப் போட்டால் சரியாகிவிடுமே என்றார் ஒரு நண்பர். அயோடின் பற்றாக்குறையால் வரும் கழுத்துக் கழலை வேறு, இது வேறு. வீட்டில் வழக்கம்போல் அந்த உப்பைப் பயன்படுத்தினால் போதும், கூட்டத் தேவையில்லை.

ஓராண்டில் அவள் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்தாள். மாலையில் மீண்டும் தெருவுக்கு விளையாடப் போனாள். கணக்குப் பாடத்தில் “மனத்தில் நிற்கவில்லை” என்ற அழுகை நின்றது. வெண்புள்ளி மட்டும் அப்படியே இருந்தது. விரல் நுனியில் புதிதாய் ஒன்றுகூட வந்தது. இதைத் தெளிவாய்ச் சொல்லிவிட விரும்புகிறோம்: தைராய்டுக்கு மருந்து உண்பதால் வெண்புள்ளி மறைவதில்லை, வெண்புள்ளிக்குப் பூசும் மருந்து தைராய்டைக் காப்பதுமில்லை. இரண்டையும் தனித்தனியே கவனிக்கவேண்டும். தோலுக்கு டாக்ரோலிமஸ் களிம்பும், வாரம் இருமுறை குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையும் பெறுகிறாள். இமையோரத்தில் நிறம் திரும்பியிருக்கிறது. விரல்களில் திரும்புவது கடினம் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார். 12 வயதுக்கு மேற்பட்டோர்க்கான ருக்சோலிடினிப் களிம்பை அமெரிக்க அரசு 2022இல் ஏற்றது. அதைப் பற்றி மகளே எங்கோ படித்துவிட்டு வந்து கேட்டாள். பொறுத்திருந்து பார்ப்போம் என்றோம்.

வெண்புள்ளி உள்ள பிள்ளையை உடைய பெற்றோர், குறிப்பாகப் புள்ளி இருபுறமும் வந்திருந்தால், தைராய்டுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் தாமே கேட்கலாம். ஆண்டுக்கொருமுறை செய்யச் சொல்வோர் பலர். எதிர்ப்பொருள் மட்டும் இருந்து சுரப்பு சரியாயிருந்தால் உடனே மருந்து தேவைப்படுவதில்லை, கண்காணித்தால் போதும். அரிதாய்ச் சில பிள்ளைகளுக்குச் சுரப்பி மிகையாய் வேலை செய்யும் கிரேவ்ஸ் நோயும் வரலாம். அப்போது எடை குறையும், நெஞ்சு படபடக்கும், பிள்ளை ஓரிடத்தில் நிலைகொள்ளாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவற்றுள் எதுவும் வராமலே போகலாம் என்பதையும் சொல்லவேண்டும். அஞ்சுவதற்கன்று, பார்த்து வைப்பதற்கே பரிசோதனை.

மகளின் முடிவு வந்த சில வாரங்களில் மூத்த அத்தையையும் அழைத்துச் சென்று இரத்தம் எடுக்கச் செய்தோம். எழுபதைக் கடந்தவர். “எனக்கு எதற்கு?” என்று தயங்கினார். ஆண்டுக்கணக்காய் அவருக்கிருந்த அசதியும் கால் வீக்கமும் குளிர் நடுக்கமும் முதுமையால் வந்தவை என்றே எல்லாரும் எண்ணியிருந்தோம். அவருக்கும் டி.எஸ்.எச். ஏறியிருந்தது. இதயத்தைக் கருதி மிகச் சிறிய அளவில் தொடங்கி, மெல்லக் கூட்டினர். மாத்திரையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கவலை: காலை ஐந்தரைத் திருப்பலிக்கு முன் அதை உண்டால் நற்கருணை நோன்பு முறிந்துவிடாதா? தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை என்பது திருச்சபைச் சட்டமே என்று பங்குத்தந்தை தெளிவுபடுத்தினார். நோன்பு தீர்ந்தது, காப்பி தீரவில்லை. திருப்பலிக்குப் புறப்படுமுன் ஒரு வாய் காப்பி அருந்துவது அவருடைய ஐம்பதாண்டுப் பழக்கம். மாத்திரைக்குப் பின் அரைமணி நேரம் பொறுக்கவேண்டும் என்று மகள் கடிகாரத்தைக் காட்டுகிறாள். பொறுத்தால் பூசைக்கு மணியடித்துவிடும் என்று அத்தை முணுமுணுக்கிறார்.